காணி யார் பேரில், காசு யார் கையில்?

“உறுதி என்ட பேர்லதான் இருக்கு. விதைப்புக்குக் காசு வேணுமெண்டா மட்டும் உங்கட மாமாட்டத்தான் போகணும்.” ஒவ்வொரு பெரும்போகத்திலும் உம்மா இதைச் சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். தென்னாபிரிக்கப் பிராந்தியத்து மலாவி நாட்டின் யாவோ முஸ்லிம்களைப் பற்றி வாசித்தபோது அந்தப் பேச்சுத்தான் நினைவுக்கு வந்தது.

மலாவி ஏரியின் தென்முனையை அண்டிய மங்கோச்சி, மச்சிங்கா மாவட்டங்களில் யாவோக்கள் செறிந்து வாழ்கிறார்கள். சுவாஹிலிக் கரையோடு இருந்த வணிக உறவால் 19ஆம் நூற்றாண்டில் இவர்களிடையே இஸ்லாம் பரவியது. அதனால் தாய்வழி முறை மறைந்துவிடவில்லை. நமது கிழக்கூர்களைப் போலவே அங்கும் கலியாணம் முடித்த மாப்பிள்ளை பெண்ணின் பக்கம் போய் இருப்பதுதான் வழக்கம். வயல் தாயிடமிருந்து மகளுக்குப் போகிறது. புருஷன் மௌத்தானாலும் பிரிந்து போனாலும் அவளைக் காணியிலிருந்து எழுப்புவது லேசல்ல. ஆனால் சகோதரிகளும் அவர்களுடைய பிள்ளைகளும் சேர்ந்த ‘ம்பும்பா’ என்ற குடும்பக் கூட்டத்துக்கு மூத்த சகோதரன் அல்லது தாய்மாமன்தான் பொறுப்பாளர். பிணக்கு வந்தால் அவருடைய சொல்தான் எடுபடும்.

நாட்டின் வடக்கில் வாழும் தும்புக்கா மக்களிடையே தந்தைவழி முறை. மாப்பிள்ளை வீட்டார் ‘லொபோலா’ என்று மாடோ பணமோ கொடுத்துப் பெண்ணைத் தங்கள் ஊருக்குக் கூட்டிப் போகிறார்கள். அங்கே அவள் கொத்துவது புருஷன் வீட்டுக் காணி. விதவையானால் அவளுடைய பிடி தளர்ந்துவிடும். இறந்தவரின் சொத்தை உறவினர் பறிப்பதை 2011இல் வந்த சட்டம் குற்றமாக்கியது. 2016இல் வந்த வழமைக் காணிச் சட்டம் அத்தகைய காணிகளையும் பதிவுசெய்ய வழி திறந்தது.

ஆனாலும் பதிவில்லாத காணியை வங்கி ஈடாக எடுப்பதில்லை. இந்த இடத்தில் வடக்குப் பெண்ணும் தெற்குப் பெண்ணும் ஒன்றுதான். பிரதான பயிர் சோளம். நவம்பர், டிசம்பரில் மழை தொடங்கும்போது விதையும் பசளையும் வேண்டும். அறுவடை ஏப்ரல், மே மாதங்களில்தான். பழைய சோளம் தீர்ந்துபோன ஜனவரி முதல் மார்ச் வரை பசிக்காலம். கையில் ஒன்றும் இல்லாதவள் அடுத்தவர் வயலுக்கு ‘கன்யு’ என்ற கூலி வேலைக்குப் போவாள். தன் வயலில் களை பிடுங்க வேண்டிய நாட்களும் அவைதான். அதனால் அவளுடைய விளைச்சல் குறைகிறது. அடுத்த பசிக்காலம் முந்தி வருகிறது.

இதற்குப் பெண்கள் கண்ட வழிதான் ‘பங்கி ம்கோண்டே’, அதாவது விறாந்தை வங்கி. பதினைந்து இருபது பேர் ஒரு வீட்டு விறாந்தையில் கூடிப் பங்குக் காசு போடுகிறார்கள். பல குழுக்களில் பெட்டிக்கு மூன்று பூட்டு. திறப்புகள் மூன்று பேரிடம் இருக்கும். அந்தக் காசிலிருந்து கடன் கொடுத்து, ஒரு வருஷம் போனதும் பங்குக்கு ஏற்பப் பிரித்துக் கொள்கிறார்கள். நம் பெண்கள் பிடிக்கும் சீட்டு அங்கும் உண்டு. ஆனால் சீட்டில் ஒரு தவணைக்கு ஒருத்திக்குத்தான் காசு. மழையோ எல்லாருக்கும் ஒரே நேரத்தில் வருகிறது. விறாந்தை வங்கியில் மழைக்கு முன் பிரிக்கும்படி நாள் வைத்துக்கொண்டால் எல்லாரும் ஒன்றாகப் பசளை வாங்கலாம்.

குறைகளும் உண்டு. கடனுக்கு மாதவட்டி இருக்கிறது. வட்டி குழுவுக்குள்ளேயே திரும்பி வருகிறது என்பார்கள். அதனால் கடன்பட்டவளுக்குச் சுமை குறையாது, நமக்கு மார்க்கக் கேள்வியும் தீராது. தொகையும் சிறிது. 2023 மார்ச்சில் பிரெடி சூறாவளி தெற்கைச் சிதைத்தது. 2024 மார்ச்சில் வறட்சிக்காக அரசாங்கம் பேரிடர் நிலையை அறிவித்தது. இப்படி எல்லா வயலும் ஒன்றாக அழிந்தால் பெட்டியும் காலியாகிவிடும்.

எங்கட மாமா மோசமானவரல்ல. கேட்ட காசு கிடைக்கும். எப்போது என்பது மட்டும் அவர் கையில். ஒரு வருஷம் காசு பிந்தியது, பசளையும் பிந்தியது; நெல் மஞ்சளித்துப் போனது. காணி உம்மாவின் பேரில் இருந்தது மெய்தான். ஆனால் உரிய நாளில் காசு கைக்கு வந்தால்தான் பெண்ணின் காணி பெண்ணுடையதாகும்.