ஏரிக்கரை நகருக்குப் பிரியாவிடை

புலம்பெயர்ந்த தமிழர் ஒருவரிடம் "உங்கள் ஊர் எது?" என்று வினவினால், முப்பது ஆண்டுகளாகத் தாம் வாழும் நகரின் பெயரை அவர் சொல்வதில்லை. கரவெட்டி என்பார், நெடுங்கேணி என்பார், கல்லடி என்பார். "இப்போது எங்கே இருக்கிறீர்கள்?" என்று கேட்டால்தான் லுட்சேர்ன் என்றோ பேர்ண் என்றோ பீல் என்றோ மறுமொழி வரும். ஊர் ஒன்று, இருப்பிடம் வேறொன்று என்பது நம்மிடையே எழுதப்படாத விதி. ஆயினும், இருப்பிடம் என்று மட்டுமே எண்ணியிருந்த நகரை விட்டு நீங்கும் நாள் நெருங்கும்போது, அதுவும் எப்போதோ ஓர் ஊராகிவிட்டிருந்தது தெரியவருகிறது.

நம்மவரிற் பலர் இரண்டாம் முறையும் இடம் மாறியிருக்கின்றனர். பிள்ளைகளின் ஆங்கிலக் கல்விக்காக ஐரோப்பாவின் பிற நாடுகளிலிருந்து லண்டனுக்குச் சென்றோர் உளர். முதுமையில் உடன்பிறந்தாரோடு இருக்க விரும்பிக் கனடாவுக்குச் செல்வோரும் உளர். இக்கட்டுரையாளரும் லுட்சேர்ன் நகரிலிருந்து ரொறன்ரோவுக்குப் புறப்பட ஆயத்தமாகும் ஒருவரே. எதையெல்லாம் இங்கே விட்டுச் செல்லப் போகிறோம் என்று ஒரு கணக்கு எடுத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நன்னீரும் காற்றும்

லுட்சேர்ன் ஏரியின் முழுப்பெயர் 'நான்கு வன மாநிலங்களின் ஏரி' என்பதாகும். அதன் பரப்பு ஏறத்தாழ 114 சதுர கிலோமீற்றர். மிகக் கூடிய ஆழம் 214 மீற்றர். மலைகளுக்கிடையே பல கிளைகளாக வளைந்து கிடப்பதால், நகரக் கரையில் நிற்பவருக்கு அதன் ஒரு விரிகுடா மட்டுமே தெரியும். தென்மேற்கே 2,128 மீற்றர் உயரமுள்ள பிலாத்துஸ் மலையும் கிழக்கே றிகி மலையும் காவல் நிற்கின்றன.

இதனை மட்டக்களப்பிலிருந்து வந்தவர் வாவி என்றார். வன்னியிலிருந்து வந்தவர் குளம் என்றார். தீவகத்தார் உப்பில்லாத கடல் என்றார். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத குடாநாட்டில், கிணற்று நீர் உவராகிவிடுமோ என்ற அச்சத்தோடு வாழ்ந்தவர்க்கு, இத்தனை நன்னீர் ஓரிடத்திற் கிடப்பது வியப்பைத் தந்தது. தெருவோரத்துக் கல்தொட்டிகளில் இரவும் பகலும் வீணே வழிந்தோடும் குடிநீரைக் கண்டு, அதனை அடைத்து வைக்கக் கை துறுதுறுத்தோர் நம்மில் எத்தனை பேர்!

ரொய்ஸ் ஆறு ஏரியை விட்டு வெளியேறும் இடத்தில், நகரின் நடுவிலேயே, ஓர் அணை இருக்கிறது. 1859ஆம், 1860ஆம் ஆண்டுகளில் அமைக்கப்பட்டது அது. நெருக்கமாக நிறுத்தப்பட்ட நீண்ட மரக்கட்டைகளே அதன் கதவுகள். பனி உருகி ஏரி உயரும் காலத்தில் தொழிலாளர் அக்கட்டைகளைக் கையாற் கழற்றுவர். நீர் தாழ்ந்தால் மீண்டும் செருகுவர். நவீன இயந்திரங்களுக்குப் பேர்போன நாட்டில் இந்த வேலை இன்றும் மனிதர் கையாலேயே நடைபெறுகிறது. இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கும் நாளைக் காத்திருந்த விவசாயி எவரும் அந்த இடத்தைச் சும்மா கடந்து போவதில்லை. ஐந்து நிமிடமாவது நின்று பார்ப்பார்.

காற்றும் அவ்வாறே. வாடை, சோளகம், கொண்டல், கச்சான் என்று காற்றுக்குத் திசைதோறும் பெயர் வைத்த மக்கள் நாம். தெற்கே ஆல்ப்ஸ் மலைத்தொடரைத் தாண்டி இறங்கிவரும் வெப்பக் காற்றுக்கு இங்குள்ளோர் 'ஃபோன்' என்று பெயரிட்டுள்ளனர். அது வீசும் நாளில் வானம் கழுவித் துடைத்தாற்போலத் துலங்கும். தொலைவிலுள்ள மலைகள் கைக்கெட்டும் அண்மையில் வந்து நிற்கும். பலருக்குத் தலையிடி வரும். "இன்று ஃபோன் அடிக்கிறது, அதுதான் தலை இடிக்கிறது" என்று நம் வீட்டுப் பெண்களும் சொல்லத் தொடங்கிய நாள் எது என்று எவரும் குறித்து வைக்கவில்லை. ஆனால் ஒரு நிலத்தின் காற்றுக்குப் பெயர் சொல்லி அதன்மேற் பழி போடுபவர், அந்நிலத்தில் வேர் விட்டுவிட்டார் என்றே கொள்ள வேண்டும்.

எரிந்த பாலமும் எரிந்த நூலகமும்

இந்நகரின் முகமாக விளங்குவது பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்த மரப்பாலம். கூரையிட்ட அப்பாலத்தின் உட்புறத்தே, பதினேழாம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட முக்கோண ஓவியங்கள் வரிசையாக இருந்தன. 1993ஆம் ஆண்டு ஆகஸ்ட் 18ஆம் திகதி, நள்ளிரவு கடந்த வேளையில், பாலம் தீப்பற்றியது. அதன் பெரும் பகுதியும் ஓவியங்களிற் பெரும்பாலானவையும் அழிந்தன. விடிந்ததும் மக்கள் இரு கரைகளிலும் வந்து நின்று, நீரின் மேல் நீட்டிக்கொண்டிருந்த கருகிய மரங்களைப் பேச்சின்றிப் பார்த்தனர்.

அவர்களிடையே நின்ற தமிழர்க்கு வேறொரு தீ நினைவுக்கு வராமல் இருக்குமா? 1981ஆம் ஆண்டு மே 31ஆம் திகதி இரவு மூட்டப்பட்ட தீயில், ஏறத்தாழ 97,000 நூல்களோடும் ஓலைச்சுவடிகளோடும் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. முன்னது விபத்து; பின்னது வேண்டுமென்றே செய்த அழிப்பு. ஆயினும் சாம்பலின் முன் நிற்கும் மனிதரின் முகம் எங்கும் ஒன்றே.

லுட்சேர்ன் பாலம் எட்டே மாதங்களில், 1994 ஏப்ரலில், மீண்டும் திறக்கப்பட்டது. நம் நூலகம் முழுமையாக எழுந்து நிற்க இருபது ஆண்டுகளுக்கு மேலாயிற்று. தன் ஆட்சி தன் கையில் உள்ள நகரம் தான் இழந்ததை எத்துணை விரைவாக மீட்டுக்கொள்கிறது என்பதை அந்தப் பாலம் நாள்தோறும் நமக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பொறாமையும் ஆறுதலும் ஒருங்கே தந்த அந்தப் பாலத்தை, இனி வேறெந்த நகரிலும் காணப்போவதில்லை.

ஓசைகள்

பெட்டியில் வைத்து எடுத்துச் செல்ல இயலாதவற்றுள் முதன்மையானவை ஓசைகள். துடுப்புச் சக்கரங்களைக் கொண்ட ஐந்து பழைய நீராவிக் கப்பல்கள் இன்றும் இவ்வேரியில் ஓடுகின்றன. அவற்றுள் மூத்ததான 'ஊரி' 1901இல் வெள்ளோட்டம் கண்டது. புகையிரத நிலையத்துக்கு எதிரேயுள்ள துறையிலிருந்து அவை புறப்படும்போது எழுப்பும் ஊதல் நகரெங்கும் கேட்கும். உணவகக் குசினியின் பின்புறத்தில், சன்னலில்லாத அறையிற் பாத்திரம் கழுவி நின்றவருக்கு, வெளியே கோடை வந்துவிட்டது என்று அறிவித்தது அந்த ஊதலே.

விபூதிப் புதனுக்கு முந்திய வியாழக்கிழமை காலை ஐந்து மணிக்கு, ஏரியின்மேல் ஒரு பெரும் வெடியோசை அதிரும். இந்நகரின் முகமூடித் திருவிழா அவ்வாறே தொடங்குகிறது. தொண்ணூறுகளில் வந்து சேர்ந்த இளைஞர் ஒருவர், முதலாண்டு அந்த ஓசை கேட்டதும் கட்டிலை விட்டு உருண்டு தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டார். உடன் இருந்தோர் சிரிக்கவில்லை; அவர்களும் விழித்துத்தான் இருந்தனர். இன்று அவருடைய மகள் முகத்தில் வண்ணம் பூசி, பித்தளைக் குழல் ஏந்தி, அதே காலை ஐந்து மணிக்கு அந்த வெடிக்காகவே கரையிற் காத்து நிற்கிறாள். வெடியோசை என்றால் விழா என்று மட்டும் அறிந்த ஒரு தலைமுறையை இந்த நகரம் நமக்குத் தந்திருக்கிறது. அதற்கு எந்த நன்றியைச் சொல்வது?

பிள்ளைகளின் பேச்சும் ஓர் ஓசைதான். பாடசாலையில் எழுதுவது ஜேர்மன் மொழி. முற்றத்திற் பேசுவது லுட்சேர்ன் வட்டார வழக்கு. நகரின் பெயரையே அவர்கள் 'லொட்ஸேர்ன்' என்றுதான் உச்சரிப்பர். ரொறன்ரோவில் தமிழுக்கு இடமுண்டு. தமிழ்க் கடைகளும் வானொலியும் பாடசாலைகளும் உண்டு. ஆனால் இந்த ஏரிக்கரை வழக்கைப் பேச அங்கே எத்தனை பேர் கிடைப்பர்? தாய்மொழியைப் பிள்ளைகள் இழந்துவிடுவரோ என்று அஞ்சிய பெற்றோர், பிள்ளைகளின் மற்றொரு மொழிக்காகவும் இப்போது கவலைப்பட வேண்டியிருக்கிறது.

அடைக்கலத்தின் ஓவியம்

லுட்சேர்னில் வாழும் அகதி எவரும் ஒருமுறையேனும் பார்க்க வேண்டிய ஓவியம் ஒன்று உண்டு. வட்டமான மண்டபத்தின் சுவரெங்கும் நூறு மீற்றருக்கு மேல் நீளும் 'பூர்பாக்கி' ஓவியமே அது. பிரான்சுக்கும் பிரஷ்யாவுக்கும் நடந்த போரில் தோற்ற பூர்பாக்கி தளபதியின் படை, 1871 பெப்ரவரியில், உறைபனியில், சுவிஸ் எல்லையைக் கடந்து தஞ்சம் புகுந்தது. வந்தோர் தொகை ஏறத்தாழ 87,000. ஆயுதங்களை எல்லையில் குவித்துவிட்டு, கந்தைத் துணியைக் காலிற் சுற்றியபடி அவர்கள் நடந்து வருகின்றனர். வழியோர மக்கள் உணவும் உடையும் நீட்டுகின்றனர். செஞ்சிலுவைத் தொண்டராக அந்தப் படையோடு இருந்த எடுவார் காஸ்த்ர் என்னும் ஓவியர், தாம் கண்ணாற் கண்டதை 1881இல் தீட்டினார்.

அவர்களை இந்நாடு ஏறத்தாழ ஆறு வாரங்கள் தங்கவைத்து, பின்னர் தாயகம் அனுப்பியது. எண்பதுகளில் வந்த நாமும், சண்டை ஓய்ந்ததும் திரும்புவோம் என்றே பையைக் கீழே வைத்தோம். ஆறு வாரம் ஆறு ஆண்டாயிற்று. அதுவும் பலமுறை பெருகிற்று. என், எஃப், பி, சி என்று அனுமதிப் பத்திரங்களின் எழுத்துகள் ஒவ்வொன்றாக மாறின. ஒவ்வோர் எழுத்துக்கும் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தோம் என்பதை அவரவர் நெஞ்சறியும். நம்மை ஓவியமாக எவரும் தீட்டவில்லை. எனினும் அந்தச் சுவரின் முன் நிற்கையில், பனியில் நடந்து வரும் முகங்களுள் தெரிந்த முகம் ஏதேனும் உண்டோ என்று கண் தேடத்தான் செய்கிறது.

இருமுறை இழந்தவர்

நகரிலிருந்து கப்பலிற் சென்றால் ஹேர்டன்ஸ்டைன் என்னும் கரை வரும். உருசிய இசைமேதை செர்கேய் றக்மனினொவ் அங்கே ஒரு வீடு கட்டினார். புரட்சியின்போது, 1917 டிசெம்பரில், தாயகத்தையும் தம் அன்புக்குரிய இவனோவ்கா பண்ணையையும் விட்டு வெளியேறியவர் அவர். 1930இல் இவ்வேரிக்கரையில் நிலம் வாங்கினார். தம் பெயரினதும் மனைவியின் பெயரினதும் எழுத்துகளைக் கோத்து, அவ்வீட்டுக்குச் 'செனார்' என்று பெயரிட்டார். இழந்த தோட்டத்தை இங்கே மீண்டும் வளர்க்க முயன்றார். 1939 ஆகஸ்ட் 11ஆம் திகதி லுட்சேர்ன் இசைவிழாவில் பியானோ வாசித்தார். போர் நெருங்கவே அம்மாதமே ஐரோப்பாவை விட்டுப் புறப்பட்டார். 1943இல் அமெரிக்காவிற் காலமானார். இவனோவ்காவையும் செனாரையும் அவர் மறுபடி காணவில்லை. 2022ஆம் ஆண்டில் அவ்வீட்டை லுட்சேர்ன் மாநில அரசு வாங்கிக்கொண்டது.

இரண்டாம் ஊரை நேசிப்பது முதலாம் ஊருக்குச் செய்யும் துரோகம் என்று நம்முள் சிலர் எண்ணுவர். செனாரில் மரம் நட்டவர் இவனோவ்காவை மறந்தவரல்லர். மறவாமையினாலேயே நட்டார்.

சொல்லிக்கொண்டு போகும் பேறு

இக்கணக்கில் கனமானது ஒன்று எஞ்சியுள்ளது. நம்முள் மூத்தோர் சிலரின் இறுதிப் பயணம் இங்கேயே முடிந்துவிட்டது. இந்துக்கள் தம் இறந்தோரின் சாம்பலை ரொய்ஸ் ஆற்றிற் கரைப்பதற்கு இந்நகரம் இடமளித்திருக்கிறது. கீரிமலையிலோ திருக்கோணமலையின் பாவநாசத்திலோ பிதிர்க்கடன் தீர்க்க எண்ணியிருந்தவர்கள், ரொய்ஸ் வழியே ஆரே ஆற்றையும் றைன் ஆற்றையும் சேர்ந்து வடகடலுக்குச் சென்றனர். தாயின் சாம்பலைக் கரைத்த நீரை விட்டுப் போகிறவர், வெறும் இருப்பிடத்தை விட்டுப் போகவில்லை.

ரொறன்ரோவிலும் ஏரி உண்டு. ஒன்ராறியோ ஏரி இவ்வேரியைப்போல் நூற்றறுபது மடங்குக்கும் மேற்பட்ட பரப்புடையது. ஆனால் அதன் மறுகரை சாதாரணமாகக் கண்ணுக்குத் தெரியாது. எதிரே மலையும் அதன் அடியில் விளக்கெரியும் சிறு ஊர்களும் தெரியும் ஏரிக்குப் பழகிய கண், அங்கே சிலகாலம் தவிக்கும். அது இயல்பே. அதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

எண்ணிப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். முன்பு நாம் ஊரை விட்டு வந்தபோது எவரிடமும் சொல்லிக்கொள்ள நேரமிருக்கவில்லை. 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு, வலிகாமத்து மக்கள் மழையில் வீதிகளை நிறைத்து நடந்தபோது எவர் எவரிடம் விடைபெற முடிந்தது? அதற்கு ஐந்தாண்டுகளுக்கு முன், 1990 ஒக்டோபரில், சில மணிநேர அவகாசத்தில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களுக்கும் அப்பேறு வாய்க்கவில்லை. அயலவரிடம் சொல்லிவிட்டு, சாவியை உரியவரிடம் கொடுத்துவிட்டு, பகல் வெளிச்சத்தில் ஓர் ஊரை விட்டுப் புறப்படுவது நம்மிற் பலருக்கு வாழ்விலேயே இதுதான் முதல் முறை.

ஆகவே இடம் மாறவிருக்கும் குடும்பங்கள் அந்த வாய்ப்பை அவசரத்திற் கைவிட வேண்டாம். செவ்வாய், சனிக்கிழமைகளில் ஆற்றங்கரைச் சந்தையில் மரக்கறி விற்கும் முதியவளிடம் சொல்லுங்கள். பிள்ளைக்கு முதலெழுத்துக் கற்பித்த ஆசிரியையிடம் சொல்லுங்கள். படிக்கட்டில் வணக்கம் கூறிய அயல்வீட்டாரிடம் சொல்லுங்கள். பிள்ளைகளை அழைத்துச் சென்று, ஆற்றங்கரையில் ஒரு பூவை நீரில் விடச் செய்யுங்கள். அவர்கள் நாளை ரொறன்ரோவிலோ லண்டனிலோ "உங்கள் ஊர் எது?" என்று கேட்கப்படுவர். அப்போது தாத்தாவின் ஊரையும் இந்த ஏரிக்கரை நகரையும் சேர்த்தே சொல்லட்டும்.

"போகிறேன்" என்று சொல்லிப் புறப்படுவது நம் வழக்கமன்று. போய் வருகிறோம், லுட்சேர்ன்.