திட்டினால் 10 லட்சம் யென்

1995-ல் ஜப்பானியப் பத்திரிகைகளில் வந்த ஒரு விளம்பரம் வாசகர்களைத் திகைக்க வைத்தது. ‘யூனிக்லோவைப் பற்றிக் குறை சொல்லுங்கள், 10 லட்சம் யென் தருகிறோம்’ என்பது அதன் சாரம். மலிவு விலை உடைகளை விற்கும் அந்த நிறுவனமே கொடுத்த விளம்பரம் அது. ஏறத்தாழ 10,000 பேர் எழுதினார்கள். ஒரே ஒருமுறை துவைத்ததும் டி-ஷர்ட்டின் கழுத்து தொளதொளத்துவிட்டது, நூல் பிரிந்து அக்குளில் ஓட்டை விழுந்துவிட்டது என்றெல்லாம் புகார்கள் வந்தன.

புகார்களில் நியாயம் இருந்தது. யமாகுச்சி மாநிலத்தின் ஊபே நகரில் 1949-ல் தொடங்கிய ஆண்கள் துணிக்கடைதான் இந்த நிறுவனத்தின் மூலம். அதைத் தொடங்கியவரின் மகன் தடாஷி யனாய், 1984-ல் ஹிரோஷிமாவில் முதல் யூனிக்லோ கடையைத் திறந்தார். விலை கூட்டத்தை இழுத்தது. தரம் அந்தக் கூட்டத்தை ஏமாற்றியது.

தரத்தைச் சரிசெய்த விதம்தான் முக்கியம். பல நூறு மாதிரிகளை விற்பதற்குப் பதிலாகச் சில உடைகளை மட்டும் தேர்ந்து, ஒவ்வொன்றையும் லட்சக்கணக்கில் தைக்கச் சொன்னார்கள். அவ்வளவு பெரிய ஆர்டர் என்றால் நல்ல துணியும் குறைந்த விலைக்குக் கிடைக்கும், ஆலைக்காரரிடம் தரத்தை வற்புறுத்தவும் முடியும். ஜப்பானின் அனுபவம் மிகுந்த ஜவுளித் தொழில்நுட்பர்களை 2000 முதல் சீனத் தொழிற்சாலைகளுக்கு அனுப்பி, சாயமேற்றுவதையும் தைப்பதையும் கற்றுக்கொடுத்தார்கள். 1998-ல் டோக்கியோவின் ஹராஜுகு கடையில் 1,900 யென்னுக்குக் குவித்து வைத்த பொசுபொசுப்பான ஃபிளீஸ் மேலாடை, 2000-ம் ஆண்டுப் பருவத்தில் 2.6 கோடி விற்றது.

ஆனால் அந்த வெற்றியே புதிய மனக்குறையைக் கொண்டுவந்தது. ஊரே ஒரே மேலாடையில் நடந்ததால், பார்த்தவுடன் எந்தக் கடை, என்ன விலை என்று தெரிந்துவிடுகிறதே என இளைஞர்கள் கூசினார்கள். எனக்கு இது பெரிய குறையாகத் தோன்றவில்லை. எதனுடனும் சேர்த்து உடுத்தலாம், அடுத்த வருடம் போனாலும் ஏறக்குறைய அதே பேன்ட் கிடைக்கும் என்பதற்காகவே பலர் இந்தக் கடையைத் தேடி வருகிறார்கள்.

டோரே என்ற ஜவுளி இழை நிறுவனத்துடன் சேர்ந்து யூனிக்லோ உருவாக்கிய ஹீட்டெக் உள்ளாடையைப் பற்றிய கருத்துகளைக் கூர்ந்து படிக்க வேண்டும். உடலிலிருந்து எழும் ஈரத்தை ரேயான் இழை உறிஞ்சும்போது வெப்பம் உண்டாகிறது. மெல்லிய அக்ரிலிக் இழைகள் அதைப் பிடித்துவைக்கின்றன. குளிரில் பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் இதைப் புகழ்வார். மலையேறி வியர்ப்பவர் குறை சொல்வார், ஏனென்றால் ரேயான் உறிஞ்சிய வியர்வை எளிதில் உலராது. இரண்டு பேர் சொல்வதும் உண்மைதான். வறண்ட தோல் உள்ளவர்களில் சிலருக்கு அரிப்பும் உண்டாகிறது.

விலையைப் பொறுத்தவரை வாடிக்கையாளர்கள் வாயால் பேசுவதில்லை, காலால் பேசுகிறார்கள். 2014-ல் சுமார் 5 சதவீதமும் 2015-ல் சுமார் 10 சதவீதமும் விலை ஏறியபோது கடைக்கு வருவோர் குறைந்தனர். 2016-ல் விலையை இறக்க வேண்டியதாயிற்று. 2020 ஜூனில் வெளியிட்ட முகக்கவசத்தை வரிசையில் நின்று வாங்கியவர்கள், புழுங்குகிறது என்றார்கள். அந்தச் செப்டம்பரிலேயே காற்றோட்டமான வலைத்துணியில் புதிய வடிவம் வந்தது.

துணி பற்றிய புகாருக்கு இவ்வளவு விரைவாகப் பலன் கிடைக்கிறது. அதைத் தைப்பவரின் குறை அவ்வளவு எளிதில் காதில் விழுவதில்லை. 2015 ஜனவரியில் ஹாங்காங் தொழிலாளர் உரிமை அமைப்பான சாகோம், யூனிக்லோவுக்குத் துணியும் உடையும் தயாரித்துக் கொடுக்கும் இரண்டு சீன ஆலைகளில் நீண்ட வேலை நேரத்தையும் கடும் வெக்கையையும் அம்பலப்படுத்தியது. தன் முக்கியத் தொழிற்சாலைகளின் பட்டியலை நிறுவனம் வெளியிட்டது 2017-ல்தான். தில்லியில் 2019-ல் இந்தியாவின் முதல் கடை திறந்தபின் நாமும் இதன் வாடிக்கையாளர்களாகிவிட்டோம். சட்டையின் கழுத்தைப் பற்றி எழுதுகிறவர்கள், அதைத் தைத்தவரின் கூலியையும் வேலை நேரத்தையும் பற்றியும் அதே உரிமையோடு எழுதிக் கேளுங்கள்.