மலைப் பாதையில் மகளிர் தொழில்

நுழையும்முன்

சுற்றுலா என்றவுடன் பேருந்தும் விடுதியும் உணவகமும் நினைவுக்கு வருகின்றன. பேருந்தே செல்லாத மலையூர்களுக்கும் பயணியர் செல்கின்றனர். அங்கே அவர்களுக்கு வழி காட்டுபவர் யார்? உணவு சமைத்துத் தருபவர் யார்? பயணியர் கொடுக்கும் பணம் யாருடைய கையைச் சேர்கிறது? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இப்பாடம்.

எல்லையோரக் காடு

சித்தூருக்கும் வேலூருக்கும் இடையே, தமிழக எல்லையை ஒட்டி அமைந்துள்ளது குடிபாலா. இவ்வூரைக் கொண்ட சித்தூர் மாவட்டத்தின் மேற்குப் பகுதியில் கவுண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் பரந்து கிடக்கிறது. 1980களில் தமிழகக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் எல்லை கடந்து இப்பகுதிக்கு வந்தன. நெடுங்காலமாக யானைகளே இல்லாதிருந்த காடுகளில் அவை தங்கி வாழத் தொடங்கின. அவற்றைக் காக்கும் பொருட்டு 1990ஆம் ஆண்டில் இச்சரணாலயம் அறிவிக்கப்பட்டது.

யானைகள் வந்தது காட்டுக்குப் பெருமை. ஆனால், விளைந்த பயிரை ஒரே இரவில் இழந்த உழவருக்கு அது பேரிழப்பு. காட்டு விலங்கும் வாழ வேண்டும். காட்டருகே உள்ள குடும்பமும் வாழ வேண்டும். இரண்டும் ஒருங்கே நடைபெற வழி உண்டா? இதே வினாவை நாட்டின் வடகோடியில் இமயமலைச் சிற்றூர் ஒன்றும் எதிர்கொண்டது. அங்கு விலங்கு யானையன்று, பனிச்சிறுத்தை.

ரும்பாக் கண்ட வழி

லடாக்கின் முதன்மை நகரமான லே நகருக்கு அருகில் ஹெமிஸ் தேசியப் பூங்கா உள்ளது. பரப்பளவில் இந்தியாவின் மிகப் பெரிய தேசியப் பூங்கா இதுவே. இப்பூங்காவுக்குள், சுமார் 4,000 மீட்டர் உயரத்தில், ரும்பாக் என்னும் சிற்றூர் அமைந்துள்ளது. பார்லி பயிரிடுவதும் ஆடு வளர்ப்பதும் அங்குள்ளோரின் தொழில். பனிச்சிறுத்தை பட்டிக்குள் புகுந்துவிட்டால் ஒரே இரவில் பல ஆடுகளைக் கொன்றுவிடும். ஆடுகளே செல்வமாக உள்ள வீட்டில் அந்த இழப்பு பல ஆண்டு உழைப்பின் இழப்பாகும். ஆகவே, மக்கள் பனிச்சிறுத்தையைப் பகையாகக் கருதினர்.

அதே ஊர்வழியாக மலையேற்றப் பயணியரும் சென்றுகொண்டிருந்தனர். கூடாரம், உணவு, சமையற்காரர் அனைத்தையும் நகரத்து நிறுவனங்களே கொண்டுவந்தன. பயணியர் கொடுத்த பணமும் நகரத்துக்கே திரும்பிச் சென்றது. ஊரில் எஞ்சியது குப்பை மட்டுமே.

2000களின் தொடக்கத்தில், பனிச்சிறுத்தையைக் காக்கும் அமைப்பொன்றின் துணையுடன் இந்நிலை மாறத் தொடங்கியது. ஊர்மக்கள் தம் வீட்டிலேயே ஓர் அறையைப் பயணியருக்கு ஒதுக்கினர். இதனையே ‘ஹோம்ஸ்டே’ என்பர். அறையைத் தூய்மை செய்தல், கொதிக்கவைத்த குடிநீர் வழங்குதல், வெண்ணெய்த் தேநீரும் வறுத்த பார்லி மாவு உணவும் தருதல் என இத்தொழிலைப் பெரும்பாலும் பெண்களே நடத்துகின்றனர்.

இத்தொழிலுக்கு மூன்று விதிகள் உள்ளன. முதலாவது, முறை வைத்தல். இன்று வரும் பயணியர் ஒரு வீட்டில் தங்கினால், அடுத்து வருவோர் அடுத்த வீட்டுக்குச் செல்வர். எனவே, வீடுகளுக்கிடையே போட்டியும் மனக்கசப்பும் தோன்றுவதில்லை. இரண்டாவது, ஒரே கட்டணம். எல்லா வீட்டிற்கும் ஒரே தொகை என்பதால் பேரம் பேசிக் குறைப்பதற்கு இடமில்லை. மூன்றாவது, பொதுநிதி. வருவாயில் பத்தில் ஒரு பங்கு ஊரின் பாதுகாப்பு நிதிக்குச் செல்கிறது.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஓர் இரவுக்கு ஒருவரிடம் 1,000 ரூபாய் பெறப்படுவதாகக் கொள்வோம். அதில் 900 ரூபாய் வீட்டுக்கு. 100 ரூபாய் ஊருக்கு. ஒரு பருவத்தில் 200 பேர் தங்கினால் பொதுநிதியில் 20,000 ரூபாய் சேரும். அப்பணம் மரம் நடவும் குப்பை அகற்றவும் பயன்படும்.

குளிர்காலத்தில் பனிச்சிறுத்தையைக் காண்பதற்கென்றே பயணியர் இங்கு வருகின்றனர். அதனால், பகையாக இருந்த விலங்கு இன்று வருவாய் தரும் விலங்காயிற்று. ஆட்டுப் பட்டிகளுக்குக் கம்பி வலைக் கூரை அமைக்கும் பணியும் உடன் நடந்தது. இழப்பைத் தடுத்ததும் வருவாயைத் தந்ததும் சேர்ந்தே மக்களின் மனத்தை மாற்றின.

பாராசூட் கடைகள்

அங்குள்ள மலைப்பாதைகளில் வெண்ணிறக் கூடாரக் கடைகளைக் காணலாம். படையினர் பயன்படுத்திக் கழித்த பாராசூட் துணியே அவற்றின் கூரை. ஊர்ப் பெண்கள் அங்கே தேநீரும் உணவும் விற்கின்றனர். ஒரு துணி, ஓர் அடுப்பு, சில பாத்திரங்கள் ஆகியவையே முதலீடு. தம்மிடம் உள்ளதைக் கொண்டே தொழிலைத் தொடங்கலாம் என்பதற்கு இக்கடைகள் சான்று.

வழிகாட்டியாக ஒரு பெண்

சமையல் பெண்களின் வேலை என்று ஏற்றுக்கொண்டோரும், மலைவழி காட்டுவது பெண்களின் வேலை என்று ஏற்கவில்லை. லடாக்கைச் சேர்ந்த தின்லஸ் சோரோல் சிறு வயதில் தந்தையுடன் ஆடு மேய்க்க மலைக்குச் சென்றவர். பாதைகளை நன்கு அறிந்தவர். ஆயினும், வழிகாட்டி வேலை கேட்டபோது நிறுவனங்கள் தயங்கின. பெண் ஒருத்தி அறிமுகமற்றோருடன் பல நாள் மலையில் தங்குவதை ஊர் ஏற்காது என்பதே அவர்கள் சொன்ன காரணம்.

அவர் மலையேற்றப் பயிற்சி பெற்று வழிகாட்டியானார். 2009ஆம் ஆண்டில் லடாக்கி மகளிர் பயண நிறுவனத்தைத் தொடங்கினார். அதன் உரிமையாளரும் பெண். வழிகாட்டிகளும் சுமை தூக்குவோரும் பெண்கள். கூடாரங்களுக்கு மாற்றாக ஊர் வீடுகளிலேயே பயணியரைத் தங்கவைப்பதால், வழியிலுள்ள பெண்களுக்கும் வருவாய் கிடைக்கிறது.

நேபாள நாட்டின் பொக்காரா நகரில் இதற்கு முன்னரே இத்தகைய முயற்சி நடந்தது. லக்கி, டிக்கி, நிக்கி சேத்ரி என்னும் சகோதரியர் மூவர் அங்கு விடுதி நடத்தினர். மலையேற வந்த பெண்கள் வழியில் தாம் பட்ட தொல்லைகளை அவர்களிடம் கூறினர். அதனைக் கேட்ட மூவரும், பெண் பயணியருக்குப் பெண்களே வழிகாட்டும் நிறுவனத்தை 1994ஆம் ஆண்டில் தொடங்கினர். 1999ஆம் ஆண்டில் தொண்டு நிறுவனம் ஒன்றையும் நிறுவி, சிற்றூர்ப் பெண்களுக்கு வழிகாட்டிப் பயிற்சி அளித்து வருகின்றனர்.

பரளிக்காட்டுச் சமையல்

தமிழகத்திலும் இதற்கு நெருங்கிய எடுத்துக்காட்டு உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்தில், பில்லூர் அணை நீர்த்தேக்கத்தின் கரையில் உள்ளது பரளிக்காடு. வனத்துறை அங்கு வாழும் பழங்குடியினருடன் இணைந்து சூழல் சுற்றுலாவை நடத்துகிறது. பயணியர் பரிசலில் செல்கின்றனர். பின்னர் மரநிழலில் அமர்ந்து உண்கின்றனர். கேழ்வரகுக் களி உள்ளிட்ட அவ்வுணவைச் சமைத்துப் பரிமாறுவோர் பழங்குடி மகளிர் சுயஉதவிக் குழுவினர். வீட்டில் அன்றாடம் செய்த சமையல், அங்கே ஊதியம் தரும் தொழிலாகிறது.

உழைப்பும் உரிமையும்

திருக்குறளின் இல்லறவியலில் ‘விருந்தோம்பல்’ என்று ஓர் அதிகாரமே உண்டு. விருந்தோம்பலைத் தமிழர் அறமாகப் போற்றினர். ஆனால், விருந்துக்கு நீர் சுமந்தவரும் அடுப்பூதியவரும் பெரும்பாலும் பெண்களே. அவ்வுழைப்பு பலருடைய கண்ணுக்குத் தெரியாமலே இருந்தது. உழைப்புக்கு விலை குறிக்கப்பட்டபோது அதன் மதிப்பு வெளிப்பட்டது.

இங்கு ஒரு வேறுபாட்டை உணர வேண்டும். நகரத்து நிறுவனத்தில் சமையல் செய்யும் பெண் கூலி பெறுகிறாள். தன் வீட்டில் பயணியரைத் தங்கவைக்கும் பெண்ணோ, கட்டணத்தை முடிவு செய்வதிலும் பொதுநிதியைச் செலவிடுவதிலும் பங்கு பெறுகிறாள். முன்னவளிடம் உழைப்பு மட்டுமே உள்ளது. பின்னவளிடம் உழைப்போடு உரிமையும் உள்ளது.

இத்தொழிலில் இடர்களும் உண்டு. மலையேற்றப் பருவம் சில மாதங்களே நீடிக்கும். பயணியர் அளவு கடந்து வந்தால் நீரும் விறகும் குறையும், குப்பை பெருகும். ஆகையால், ரும்பாக் பெண்கள் வயலையும் ஆடுகளையும் கைவிடவில்லை. சுற்றுலா அவர்களுக்குத் துணைத்தொழில், நிலமே முதல்தொழில்.

கற்பவை கற்றபின்

1. முறை வைத்தல், ஒரே கட்டணம், பொதுநிதி ஆகிய மூன்றில் ஒரு விதி மட்டும் இல்லாவிட்டால் ரும்பாக்கில் என்ன நேர்ந்திருக்கும்? ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஐந்து வரிகளில் எழுதுக.

2. உம் வீட்டில் ஒரு நாளில் யார் யார் என்னென்ன வேலை செய்கின்றனர்? பட்டியலிடுக. அவற்றுள் ஊதியம் பெறும் வேலைகளையும் பெறாத வேலைகளையும் பிரித்துக் காட்டுக.

3. பயணியர் இருவர் உம் ஊருக்கு வருவதாகக் கொள்க. அவர்களுக்கு எவ்விடத்தைக் காட்டுவீர்? எவ்வுணவைத் தருவீர்? வீட்டாரிடம் கேட்டறிந்து எழுதுக.