மாஸ்கோவின் கேப்டன், சிட்னியின் கோச்: வாசுதேவன் பாஸ்கரனை எப்படி மதிப்பிடுவது?

இந்திய ஹாக்கி ஒலிம்பிக்கில் கடைசியாகத் தங்கம் வென்றது 1980இல், மாஸ்கோவில். கேப்டன் தமிழ்நாட்டைச் சேர்ந்த வாசுதேவன் பாஸ்கரன். வினாடி வினா ஆசாமிகளுக்கு இது மனப்பாடம். அடுத்த கேள்வியைக் கேட்டால்தான் முழிப்பார்கள். சிட்னி ஒலிம்பிக்கில் கடைசி இரண்டு நிமிடத்தில் கோல் வாங்கி அரையிறுதியைத் தவறவிட்டோமே, அந்த அணிக்குக் கோச் யார்? அதே பாஸ்கரன்தான். 2006 உலகக் கோப்பையில் பன்னிரண்டு அணிகளில் பதினோராவதாக வந்தோமே, அப்போது கோச் யார்? அப்போதும் அவரேதான்.

இந்த இரண்டையும் ஒரே ஆள்மீது வைத்துப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒரு முடிவுக்கு வருகிறார்கள். ஒன்று, "பெரிய ஆட்டக்காரன் பெரிய கோச் ஆக முடியாது சார்." இல்லையென்றால், "அந்த மாஸ்கோ தங்கமே பாய்காட்டில் கிடைத்ததுதானே." இரண்டுமே சோம்பேறித்தனமான முடிவுகள் என்று எனக்குப் படுகிறது. ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் எண்கள் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மாஸ்கோ தங்கம் எவ்வளவு காரட்?

முதலில் பாய்காட் கதை. ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்ததை எதிர்த்துப் பல நாடுகள் மாஸ்கோவைப் புறக்கணித்தன. ஹாக்கியில் இதன் அடி பலமானது. 1978இல் பியூனஸ் அயர்ஸில் நடந்த உலகக் கோப்பையில் முதல் நான்கு இடம் பிடித்தவர்கள் பாகிஸ்தான், நெதர்லாந்து, ஆஸ்திரேலியா, மேற்கு ஜெர்மனி. நான்கு பேருமே மாஸ்கோவுக்கு வரவில்லை. 1976 ஒலிம்பிக் சாம்பியன் நியூசிலாந்தும் வரவில்லை. அந்த உலகக் கோப்பையில் ஐந்தாவது ஸ்பெயின், ஆறாவது இந்தியா. மாஸ்கோ இறுதிப் போட்டியில் மோதியவர்கள் யார் என்றால், இதே ஸ்பெயினும் இந்தியாவும்தான்! அதாவது மேலே நான்கு பேரை எடுத்துவிட்டால் வரிசை என்னவோ, அதுதான் நடந்தது.

மொத்தம் ஆறே அணிகள். இந்தியா, ஸ்பெயின், சோவியத் யூனியன், போலந்து, கியூபா, தான்சானியா. எல்லாரும் எல்லாரோடும் ஆட வேண்டும், முதல் இருவர் இறுதிப் போட்டிக்கு. இந்தியா தான்சானியாவை 18-0, கியூபாவை 13-0 என்று துவைத்து எடுத்தது. போலந்தோடு 2-2, ஸ்பெயினோடு 2-2. சோவியத்தை 4-2 என வென்றது. ஐந்து ஆட்டத்தில் 39 கோல், அதில் 31 கோல் இரண்டு பலவீனமான அணிகளுக்கு எதிராக. பாய்காட் வாதத்துக்கு இதைவிட வலுவான சாட்சி கிடையாது.

ஆனால் ஜூலை 29 அன்று நடந்த இறுதிப் போட்டியைத் தனியாக எடுத்துப் பாருங்கள். சுரிந்தர் சிங் சோதி இரண்டு, மகாராஜ் கிருஷன் கௌஷிக் ஒன்று. 3-0. இனி நிம்மதி என்று நினைத்தபோது ஸ்பெயினின் ஹுவான் அமாத் அடுத்தடுத்து இரண்டு கோல் போட்டார். 3-2. முகமது ஷாகித் ஒன்று போட்டு 4-2 ஆக்கினார். அமாத் மறுபடி ஒன்று. 4-3. மிச்சமிருந்த நிமிடங்களை அணி பல்லைக் கடித்துக்கொண்டு தாக்குப்பிடித்தது. அணியில் பெரும்பாலானவர்களுக்கு அதுதான் முதல் ஒலிம்பிக். கேப்டனுக்கு நான்கு வருடத்துக்கு முந்தைய மான்ட்ரியல் அனுபவம் இருந்தது. அங்கே கற்றது முழுக்க தோல்விதான்: 1928 முதல் ஒரு ஒலிம்பிக்கிலும் பதக்கம் இல்லாமல் திரும்பாத இந்தியா, 1976இல் ஏழாவது.

எதிரில் வந்தவனைத்தான் நாம் ஜெயிக்க முடியும். வராதவனை ஜெயிக்கவில்லை என்று யாரையும் குறை சொல்ல முடியாது. அதே சமயம், அந்தத் தங்கத்தை வைத்து "இந்திய ஹாக்கி திரும்பிவிட்டது" என்று நம்பியதும் தப்பு. இரண்டே வருடத்தில், 1982 டெல்லி ஆசிய விளையாட்டு இறுதிப் போட்டியில் பாகிஸ்தான் நம்மை 7-1 என்று அடித்தபோது அது புரிந்தது. ஆக, தங்கம் உண்மையானது. அதற்கு நாம் கொடுத்த அர்த்தம்தான் பொய்.

ஆடிய ஆட்டம் வேறு, சொல்லிக் கொடுத்த ஆட்டம் வேறு

பாஸ்கரன் ஆடியது ஹாஃப் வரிசையில். முன்னால் ஃபார்வர்டுகள், பின்னால் டிஃபெண்டர்கள், நடுவில் இவர்கள். எதிரணியின் தாக்குதலை முதலில் முறிப்பதும் இவர்கள் வேலை, நம் தாக்குதலைத் தொடங்கி வைப்பதும் இவர்கள் வேலை. மொத்த ஆட்டத்தையும் படிக்கத் தெரிந்தவன்தான் அங்கே நிற்க முடியும். அப்படிப்பட்டவர்கள் பிறகு நல்ல கோச் ஆவார்கள் என்று எதிர்பார்ப்பதில் நியாயம் உண்டு.

சிக்கல் என்னவென்றால், அவர் படித்துத் தேறிய பாடப்புத்தகமே மாறிவிட்டது.

ஒன்று, தரை. மான்ட்ரியலில்தான் ஒலிம்பிக் ஹாக்கி முதன்முதலாகச் செயற்கைத் தரைக்குப் போனது. மண்ணிலும் புல்லிலும் பந்து குதிக்கும், திரும்பும். அதை மட்டையால் அடக்குவதே பெரிய வித்தை. அடக்கியவன் டிரிப்ளிங் செய்து இரண்டு மூன்று பேரைத் தாண்டிப் போவான். நம்ம ஆட்களின் பெருமையே அதுதான். டர்ஃபில் பந்து கோடு போட்ட மாதிரி ஓடும். ஓடிப்போகும் ஆளைவிட பாஸ் செய்த பந்து வேகமாகப் போய்ச் சேரும். அதனால் தனி வித்தையைவிட நுரையீரலும் கால்களும் கூட்டாகப் பாஸ் செய்யும் திட்டமும் முக்கியமாகின.

இரண்டு, ஆட்களை மாற்றும் விதி. பாஸ்கரன் காலத்தில் வெளியே போனவர் திரும்ப வர முடியாது. அதனால் களத்தில் இருக்கும் கேப்டன்தான் பாதி கோச். யார் எங்கே நிற்பது, எப்போது வேகத்தைக் குறைப்பது எல்லாம் அவர் சைகையில் நடக்கும். 1992க்குப் பிறகு எத்தனை முறை வேண்டுமானாலும் ஆளை மாற்றலாம் என்று ஆனது. அதிகாரம் களத்திலிருந்து பெஞ்சுக்கு வந்துவிட்டது. மூச்சு வாங்கினால் உடனே வெளியே, புது ஆள் உள்ளே. இதைக் கணக்குப் போட்டு நடத்த ஒரு கோச் மட்டும் போதாது. உடற்பயிற்சிக்கு ஒருவர், வீடியோ பார்த்து அலச ஒருவர், கோல்கீப்பருக்குத் தனியாக ஒருவர் என்று ஒரு பட்டாளமே வேண்டும்.

மூன்று, ஆஃப்சைடு. தொண்ணூறுகளின் பிற்பாதியில் அந்த விதியையே தூக்கிவிட்டார்கள். எதிரணி ஃபார்வர்டு நம் கோல் பக்கத்திலேயே வந்து நின்றுகொள்ளலாம். ஹாஃப் வரிசைக்காரன் இருபது வருடமாகப் பழகிய கோடுகள் எல்லாம் அழிந்துபோயின.

1980க்கும் 2000க்கும் நடுவில் பெயர் மட்டும்தான் "ஹாக்கி" என்று அப்படியே இருந்தது.

சிட்னி: இரண்டு நிமிடத் தீர்ப்பு

சிட்னி பற்றி நம் நினைவில் இருப்பது போலந்து ஆட்டம் மட்டும்தான். அதற்கு முன்னால் நடந்ததையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அர்ஜென்டினாவை வென்றோம். சொந்த மண்ணில் ஆடிய ஆஸ்திரேலியாவோடு டிரா செய்தோம். தென் கொரியாவிடம் தோற்றோம். ஸ்பெயினை வென்றோம். கடைசி லீக் ஆட்டத்தில் போலந்தை வென்றால் அரையிறுதி. 1980க்குப் பிறகு முதல் முறை.

1-0 என்று முன்னிலை. ஆட்டம் முடிய இரண்டு நிமிடம்கூட இல்லாத நேரத்தில் போலந்து சமன் செய்தது. நமக்குப் பதில் அரையிறுதிக்குப் போன தென் கொரியா வெள்ளிப் பதக்கம் வென்றது. நாம் ஏழாவது.

அந்தப் பந்து உள்ளே போகாமல் இருந்திருந்தால் பாஸ்கரனைப் பற்றி இன்றைக்கு என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள். "இருபது வருடத்துக்குப் பிறகு இந்தியாவை அரையிறுதிக்குக் கொண்டுவந்த கோச்" என்று எழுதியிருப்பார்கள். அதே பயிற்சி, அதே தேர்வு, அதே திட்டம்தான். ஒரு கோல் மட்டும்தான் வித்தியாசம். மாஸ்கோவில் கடைசி நிமிடங்களில் ஸ்பெயினுக்கு நான்காவது கோல் விழவில்லை, சிட்னியில் போலந்துக்கு விழுந்தது. கேப்டனின் புகழும் கோச்சின் பழியும் இவ்வளவு மெல்லிய கோட்டில்தான் நிற்கின்றன.

2006க்கு அப்படிச் சமாதானம் சொல்ல முடியாது. மான்சென்கிளாட்பாக் உலகக் கோப்பையில் பதினோராவது. அந்த வருடக் கடைசியில் தோஹா ஆசிய விளையாட்டில் ஐந்தாவது. ஆசியப் போட்டிகளில் ஹாக்கிப் பதக்கம் இல்லாமல் இந்தியா திரும்பியது அதுதான் முதல் முறை. அதோடு அவர் இடத்துக்கு ஜோக்கிம் கார்வாலோ வந்தார். இது ஒரு நிமிடத் துரதிர்ஷ்டம் இல்லை, சரிவு. கேள்வி, யாருடைய சரிவு?

நாற்காலி விளையாட்டு

சிட்னிக்கும் 2008க்கும் நடுவில் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்களைப் பாருங்கள். செட்ரிக் டிசூசா, 2002 உலகக் கோப்பை நடந்துகொண்டிருக்கும்போதே நீக்கப்பட்டார். அப்புறம் ராஜிந்தர் சிங். ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குச் சில வாரங்களே இருக்கும்போது அவரை மாற்றி ஜெர்மனியின் கெர்ஹார்டு ராக். அப்புறமும் மாற்றம், பாஸ்கரன், பிறகு கார்வாலோ. அதற்கு முன்பு 1998இல் பாங்காக் ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிக் கொடுத்த கௌஷிக்கின் கதி இன்னும் விசேஷம். முப்பத்திரண்டு வருடத்துக்குப் பிறகு வந்த தங்கம் அது. திரும்பி வந்ததும் ஆறு வீரர்களையும் கழற்றிவிட்டார்கள், கோச்சையும் கழற்றிவிட்டார்கள். மாஸ்கோ இறுதிப் போட்டியில் மூன்றாவது கோல் போட்ட அதே கௌஷிக்தான்.

கார்வாலோ வந்து என்ன ஆயிற்று? 2007 செப்டம்பரில் நம் சென்னை எழும்பூர் மேயர் ராதாகிருஷ்ணன் மைதானத்தில் ஆசியக் கோப்பை இறுதிப் போட்டியில் தென் கொரியாவை 7-2 என்று நொறுக்கினோம். "பார்த்தாயா, கோச் மாறினதும் அணி மாறிடுச்சு" என்றார்கள். அடுத்த மார்ச்சில் சிலியின் சாண்டியாகோவில் பிரிட்டனிடம் தோற்று, வரலாற்றிலேயே முதல் முறையாக ஒலிம்பிக்குக்குத் தகுதி பெறாமல் போனோம். கார்வாலோவும் விலகினார். ஆளை மாற்றினால் தீரும் நோய் இல்லை அது.

ஒரு ஒப்பீடு

இங்கே ஆஸ்திரேலியாவின் ரிக் சார்ல்ஸ்வொர்த்தைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். பாஸ்கரன் 1950இல் பிறந்தவர், அவர் 1952. இருவரும் மான்ட்ரியலில் ஆடியவர்கள். மாஸ்கோவுக்கு ஆஸ்திரேலிய அணி போகாததால் சார்ல்ஸ்வொர்த் அந்த வாய்ப்பை இழந்தார். ஆட்டக்காரராக ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை, பாஸ்கரனுக்குக் கிடைத்தது. கோச் ஆனதும் கதை தலைகீழ். ஆஸ்திரேலியப் பெண்கள் அணியோடு 1996, 2000 ஒலிம்பிக் தங்கங்கள். ஆண்கள் அணியோடு 2010, 2014 உலகக் கோப்பைகள்.

அவர் மேதை என்பதில் சந்தேகமே இல்லை. ஆனால் பெண்கள் அணியில் அவர் இருந்த காலம் 1993 முதல் 2000 வரை, எட்டு வருடம். அதே மேதை இந்திய ஹாக்கிக்குத் தொழில்நுட்ப ஆலோசகராக வந்தார், 2008இல் சில மாதங்களில் வெறுத்துப்போய்க் கிளம்பிவிட்டார். இங்கே வந்ததும் அவருடைய அறிவு குறைந்துவிடவில்லை. அவரைச் சுற்றி இருந்ததுதான் வேறு.

இதன் மறுபக்கமும் பின்னால் தெரிந்தது. 2019இல் கிரகாம் ரீட் கோச்சாக வந்தார். கொரோனாவால் ஒலிம்பிக் தள்ளிப்போனபோதும் அவரை மாற்றவில்லை. டோக்கியோவில் 41 வருடத்துக்குப் பிறகு பதக்கம், வெண்கலம். அடுத்து கிரெய்க் ஃபுல்டன், பாரிஸில் மறுபடி வெண்கலம். கோச்சோடு ஒரு முழு உதவிக் குழு, நீண்ட முகாம்கள், நல்ல டர்ஃப், ஒடிசா அரசின் பணம். இதெல்லாம் 2000இல் பாஸ்கரனுக்குக் கிடைத்த சாப்பாடு இல்லை.

அப்படியானால் அவரை எங்கே வைப்பது?

என் கணிப்பு இது. ஆட்டக்காரராக அவருக்கு அர்ஜுனா விருது, 1981இல் பத்மஸ்ரீ. அது அவர் சம்பாதித்தது, பாய்காட்டைச் சொல்லிப் பிடுங்கக் கூடாது. கோச்சாக சிட்னியில் அவர் அணியைக் கொண்டுபோன இடத்துக்கு அடுத்த இருபது வருடம் இந்தியா எந்த ஒலிம்பிக்கிலும் அவ்வளவு நெருங்கவில்லை. 2006 தோல்வியில் அவருக்கும் பங்கு உண்டு, கோச் என்ற பலகைக்குப் பின்னால் இருந்தவர்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

இது ஒரு தனி மனிதருக்கு நியாயம் கேட்கும் விஷயம் மட்டும் இல்லை. திருவண்ணாமலை மாதிரி ஊர்களில் பள்ளி மைதானம் என்றால் செம்மண்ணும் சரளையும்தான். அங்கே மட்டை பிடிக்கக் கற்கும் பையன், மான்ட்ரியலுக்கு முந்தைய ஹாக்கியைத்தான் இன்றைக்கும் கற்கிறான். டர்ஃப் மைதானம் கிட்டத்தட்ட 91 மீட்டர் நீளம், 55 மீட்டர் அகலம்; போடவும் பணம், தினமும் நனைக்கத் தண்ணீரும் வேண்டும். பதினெட்டு வயதில் முதல் முறை அதில் கால் வைப்பவனிடம் எந்த கோச்சாலும் பத்து வருடப் பழக்கத்தை மூன்று மாத முகாமில் மாற்ற முடியாது. கோவில்பட்டியில் தலைமுறை தலைமுறையாக ஹாக்கி வாழ்கிறது. அங்கிருந்து வந்த மாரீஸ்வரனும் அரியலூரின் கார்த்தி செல்வமும் 2022இல் இந்திய அணிக்குள் நுழைந்தார்கள் என்றால், ஊரில் பழக்கமும் விடுதியும் டர்ஃபும் சொல்லிக் கொடுக்க ஆளும் ஒன்றாகச் சேர்ந்ததுதான் காரணம்.

அடுத்த முறை ஏதாவது ஓர் அணி தோற்று "கோச்சைத் தூக்கு" என்று குரல் கேட்டால், மூன்று விஷயம் மட்டும் பாருங்கள். அவர் எத்தனை மாதம் இருந்தார்? அவரோடு எத்தனை பேர் வேலை செய்தார்கள்? அவர் கைக்கு வந்த பையன்கள் எந்தத் தரையில் வளர்ந்தவர்கள்? ஸ்கோரைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.