உருகி ஏன் அறுகின்றது?

மட்டக்களப்புப் பறங்கியர் இல்லங்களிலே கஃப்றிஞ்ஞா ஆடலுக்கு வயலினுடன் இயைந்து ஒலிக்கும் கிற்றார் மின்சாரத்தின் துணையை வேண்டாதது. மின்கிற்றாரோ அம்பிளிபயர் இன்றேல் ஊமை. 1950களின் இறுதியில் இங்கிலாந்திலே தோன்றிய வொக்ஸ் ஏசி 30, 1962இல் இலண்டனிலே தோன்றிய மார்ஷல் ஜேரிஎம் 45 ஆகியன வால்வுகளால் இயங்குபவை. றான்சிஸ்ரர் வந்த பின்னரும் ஒலியினிமை கருதி வால்வுப் பெட்டிகளைக் கைவிடாதார் உலகெங்கும் உளர். புலம்பெயர்ந்த உறவினர் வழியாக அத்தகையன வாவிக்கரை ஊர்களுக்கும் வந்து சேர்வதுண்டு.

வந்த பெட்டி சில வேளை ஆளியை இட்டதும் உருகி அறுந்து அடங்கிவிடும். வேறோர் உருகி இட்டால் அதுவும் அறும். பொறுமை இழந்தோர் தடித்த செப்புக் கம்பியை இட்டு இயக்க முற்படுவர். குரைத்த நாயைக் கட்டிவிட்டுக் கள்வனுக்குக் கதவு திறத்தலோடு இஃது ஒக்கும். உருகி உருகாதாயின் அதற்கு ஈடாக நிலைமாற்றி கரியும், வீடும் தீப்பற்றக்கூடும்.

தமிழாசிரியனுக்கு மின்னியலில் யாது வேலை என வினவுவார் உளராயின், 1947இல் யாழ்நூலை நமக்களித்த விபுலாநந்த அடிகள் 1916இல் விஞ்ஞான டிப்ளோமாப் பெற்றவர் என்பதை நினைவூட்டுவேன். அன்றியும், உருகி என்னும் பெயரே அதன் தொழிலை விளக்கிநிற்பது. அளவு மிகுந்த மின்னோட்டம் கம்பியைச் சூடேற்றி உருக்குகின்றது. ஆகவே நாம் தேடவேண்டியது அம்மிகை மின்னோட்டத்தின் காரணத்தையே.

முதலில் எளிய காரணத்தை நோக்குவோம். கனடாவின் வீட்டு மின்சாரம் 120 வோல்ற்று, நமதோ 230. அங்கு வாங்கிய பெட்டியை இங்கு நேரே செருகினால் உருகி அறுதல் இயல்பே. அதற்கு இறக்கு நிலைமாற்றி வேண்டும். வோல்ற்றைத் தெரியும் ஆளி உடைய பெட்டியாயின் அதனைச் சரியான எண்ணில் வைத்தல் வேண்டும். அவ்வாறு மாற்றியபின் உருகியின் அளவும் மாறும்: 120 வோல்ற்றில் 3 அம்பியர் இட்ட இடத்தில் 240 வோல்ற்றுக்கு 1½ அம்பியரே போதும். ஆளியிட்ட கணத்திற் பாயும் மின்னோட்டத்தைத் தாங்குதற்கு மெல்ல உருகும் வகை குறிக்கப்பட்டிருப்பின், விரைந்து உருகுவதை இடுதல் தகாது. குற்றம் ஏதுமின்றியே அஃது அறும்.

இனி உட்புறம். மாணவர் கவனிக்க: வால்வுப் பெட்டியில் 300 முதல் 450 வோல்ற்று வரை நேரோட்ட அழுத்தம் உண்டு. செருகியைக் கழற்றிய பின்னரும் கொள்ளளவிகள் அதனைத் தேக்கி வைத்திருக்கும். உயிரைக் கவர அது போதும். தக்க தடையியால் மின்னிறக்கி, மானியால் அளந்து உறுதி செய்யாமல் எவரும் கை வைத்தலாகாது. அனுபவம் இல்லாதார் திறவாதிருத்தலே நன்று.

அறிந்த தொழிலாளர் கையாளும் முறை ஒன்று உண்டு. 60 அல்லது 100 வாற்று இழைக்குமிழ் ஒன்றை மின்வழியில் தொடராக இணைப்பர். இக்காலத்து எல்ஈடி குமிழ் இதற்கு உதவாது. உள்ளே குறுஞ்சுற்று இருப்பின் குமிழ் முழு ஒளியுடன் எரியும், உருகி தப்பும். வால்வுகள் அனைத்தையும், இடம் குறித்துக்கொண்டு, அகற்றிய பின்னரும் குமிழ் பேரொளி வீசின் குற்றம் மின்நிலைமாற்றியிலோ அதன் கம்பிகளிலோ ஆம். வால்வுக்குப் பதிலாக இருவாயிச் சீராக்கி உள்ள பெட்டியாயின் அச்சீராக்கியையும் வடிகட்டும் கொள்ளளவிகளையும் ஐயுறுதல் வேண்டும். பின்னர்ச் சீராக்கி வால்வை மட்டும் இடுவர். அதன் இழை சூடேறியதும் குமிழ் ஒளிபெருகின் அவ்வால்வோ, கொள்ளளவியோ பழுது. ஈற்றில் வெளியீட்டு வால்வுகள். ஒலிபெருக்கியை இணைக்காமல் இவற்றை இயக்குதல் வெளியீட்டு நிலைமாற்றியைக் கெடுக்கும்.

பத்து நிமிடம் நன்கு பாடிப் பின் அறும் உருகியே மிகவும் அலைக்கழிப்பது. ஈண்டு வெளியீட்டு வால்வின் உலோகத்தகடு செந்நிறமாய் ஒளிர்கின்றதா என இருளிற் பார்த்தல் வேண்டும். ஒளிரின், முந்திய வால்விலிருந்து ஒலியைக் கடத்தும் சிறு கொள்ளளவி கசிந்து, நெய்யரிக்கு நேர்மின்னழுத்தத்தைக் கடத்துகின்றதெனக் கொள்ளலாம். சூடேறியபின்னரே கசிதலின் குளிர்ந்த நிலையில் மானி அதனைக் காட்டாது. பெரும்பாலும் மலிவான உறுப்பு. ஆயினும் பலர் விலையுயர்ந்த வால்வையே முதலில் மாற்றுகின்றனர்.

நம் ஊர்ப் பெட்டிகளுக்கு உப்புக்காற்றால் வரும் கேடும் உண்டு. வால்வுப் பீடத்தின் ஊசித்துளைகளுக்கிடையே ஈரமும் தூசும் படிந்து மின் கசிய, அவ்விடம் கரியும். தூசெனின் மதுசாரம் தோய்த்துத் துடைக்கலாம். கரிந்த பீடத்தைத் துடைத்துப் பயனில்லை. கரி மின்கடத்தியாகலின் பீடத்தையே மாற்றுதல் வேண்டும்.