நீல விளக்கு எரிந்தால் கிருமி செத்துவிடுமா? புற ஊதா கருவி வாங்கும் முன் கவனிக்க...

நாமக்கல்லில் முட்டை இருப்பு அறைக்கும், சேலத்தில் சிறு கிளினிக்குக்கும் புற ஊதா விளக்கு வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "எத்தனை வாட்டுங்க?" என்பதைத்தான். அதற்கு வரும் பதிலை மட்டும் வைத்து ஒன்றும் முடிவு செய்ய முடியாது.

கிருமியைக் கொல்வது யுவி-சி என்ற வகை. பாதரசக் குழாயில் இது 254 நானோமீட்டர் அலைநீளத்தில் வருகிறது, கண்ணுக்குத் தெரியாது. நாம் பார்க்கும் நீலம், கூடவே வரும் வேறு ஒளி. கள்ளநோட்டு பார்க்கும் விளக்கும் ஊதாவாகத்தான் எரிகிறது. அதன் அலைநீளம் பொதுவாக 365. அறையைச் சுத்திகரிக்க அது உதவாது. ஆகவே பெட்டியில் 254 என்று இருக்கிறதா என்று பாருங்கள். 185 என்றும் போட்டிருந்தால் அது ஓசோனையும் கிளப்பும். ஒவ்வொரு முறையும் அறையைக் காற்றாட விட்டபிறகே உள்ளே போக வேண்டும். சிறிய இடத்துக்கு அது வேண்டாத தொல்லை.

தூரம்தான் கணக்கு

நல்ல 36 வாட் குழாய், ஒரு மீட்டர் தள்ளி, சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 145 மைக்ரோவாட் தரும். அங்கே ஈ.கோலை பாக்டீரியாவில் 90 சதவீதம் சாக அரை நிமிடம்கூட ஆகாது. அஸ்பர்ஜில்லஸ் நைஜர் பூஞ்சையின் வித்துகளுக்கோ அதே இடத்தில் கால் மணி நேரம் வேண்டும். மூன்று மீட்டர் தள்ளிய சுவரில் வீச்சு ஏறக்குறைய ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். அந்த வித்துகளுக்கு 2 மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். அதனால் கேட்க வேண்டிய கேள்வி, "ஒரு மீட்டர்ல எத்தனை மைக்ரோவாட்டுங்க?" பதில் சொல்லத் தெரியாத இடத்தில் வாங்காமல் வருவதே மேல்.

2020 மே மாதம் டிஆர்டிஓ அறிவித்த 'யுவி பிளாஸ்டர்' கோபுரம் நல்ல அளவுகோல். டெல்லியில் உள்ள அதன் லாஸ்டெக் ஆய்வகம் வடிவமைத்தது. 43 வாட் விளக்குகள் ஆறு. சுற்றிலும் ஒளி அடிக்கும். 12-க்கு 12 அடி அறைக்கு 10 நிமிடம். 400 சதுர அடிக்கு 30 நிமிடம், அதுவும் அறைக்குள் இடம் மாற்றி மாற்றி வைத்து.

இடம் மாற்றச் சொல்வதற்குக் காரணம் நிழல். கட்டிலுக்கு அடியிலும், டிரேயில் அடுக்கிய முட்டையின் கீழ்ப்பக்கத்திலும் ஒளி விழாது. எச்சமோ தூசியோ படிந்திருந்தால் ஒளி அதோடு நின்றுவிடும். கூட்டிக் கழுவித் துடைத்த பிறகுதான் விளக்குக்கு வேலை. நாலு பக்கமும் திறந்த கோழிக் கொட்டகையில் இதை மாட்டுவது, காசைக் கரியாக்குகிற வேலை.

கண் ஜாக்கிரதை

நாமக்கல் லாரி பாடி பட்டறைகளில் வேலை பார்த்தவர்களுக்கு இது தெரியும்: கண்ணாடி போடாமல் வெல்டிங்கைப் பார்த்தால் ராத்திரி கண்ணில் மணல் கொட்டினது மாதிரி உறுத்தும். யுவி-சி பட்டாலும் அதே கதைதான். எரியும்போது எதுவும் தெரியாது, சில மணி நேரம் கழித்துத்தான் எரிச்சல் தொடங்கும். தோலும் சிவந்துபோகும். கையைச் சுத்தம் செய்ய இந்த விளக்கைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமும் சொல்லியிருக்கிறது. கதவைத் திறந்தால் தானாக அணைகிற வசதி டிஆர்டிஓ கருவியில் உண்டு. உங்கள் கருவியில் அது இல்லையென்றால் விலை குறைவு என்று ஏமாறாதீர்கள். முட்டை எடுக்க உள்ளே போகிறவர் சுவிட்சைப் பார்த்துவிட்டுப் போவார் என்று நம்பி விட முடியாது. சுவிட்ச் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

குழாய்க்குள் பாதரசம் இருப்பதால், உடைந்தால் விளக்குமாறால் கூட்டக் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, கையுறை போட்டு அட்டையால் அள்ளி, மூடிய டப்பாவில் போடுங்கள். அங்கே திறந்திருந்த முட்டைகளை விற்பனைக்கு அனுப்பாதீர்கள்.

இன்னொன்று. நல்ல குழாயின் ஆயுள் சுமார் 9,000 மணி நேரம். வீரியம் குறைந்த பிறகும் நீலமாக எரிந்துகொண்டேதான் இருக்கும். மாட்டிய தேதியை ஹோல்டர் பக்கத்திலேயே மார்க்கரால் எழுதி வையுங்கள்.