உவரியில் இருந்து படகை பிக்-அப்பில் கட்டி இழுக்கலாமா? கிளம்பும் முன் பார்க்க வேண்டிய எடைக் கணக்கு

நெல்லை மாவட்டம் உவரியில் கரையில் கிடக்கும் ஃபைபர் படகைப் பழுதுபார்க்கவோ, வேறு ஊருக்கு விற்கவோ கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத்தான் கொண்டுபோக வேண்டும். டிரெய்லரில் படகை ஏற்றி பிக்-அப்பில் கட்டிவிட்டால், "இழுத்துரும்லா அண்ணே" என்று கிளம்பிவிடுவார்கள். இன்ஜின் இழுத்துவிடும். பிரேக் நிறுத்துமா என்பதுதான் கேள்வி.

இரண்டும் வேறு வேறு

வண்டி முதுகில் சுமக்கும் எடை ஒன்று, பின்னால் இழுக்கும் எடை வேறொன்று. சுமக்கும் அளவை ஆர்.சி. புத்தகத்திலேயே கண்டுபிடிக்கலாம். லோடுடன் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையில் இருந்து காலி வண்டியின் எடையைக் கழித்தால் போதும். இழுக்கும் அளவைத் தயாரிப்பு நிறுவனம்தான் சொல்ல வேண்டும். வண்டியின் கையேட்டில் அது இல்லை என்றால், டிரெய்லர் கட்டாமல் இருப்பதே நல்லது.

கணக்கு எங்கே இடிக்கிறது?

ஒரு உதாரணம். மொத்த எடை 3,000 கிலோ, காலி எடை 1,700 கிலோ என்றால், 1,300 கிலோ சுமக்கலாம். ஓட்டுநரும் உதவியாளரும் சேர்ந்து 150 கிலோ. ஐஸ் போட்ட மீன் பெட்டிகள் 1,100 கிலோ. இதுவரை 1,250 கிலோ, சரிதான்.

பின்னால் படகு, இன்ஜின், வலையோடு டிரெய்லர் 1,500 கிலோ என்று வைத்துக்கொள்வோம். டிரெய்லர் எடையில் சுமார் 10 முதல் 15 சதவீதம் கொக்கி வழியாக பிக்-அப்பின் மேல்தான் அமரும். குறைந்தபட்சம் 150 கிலோ. மொத்தம் 1,400 ஆகிவிட்டது. அதாவது 100 கிலோ ஓவர்லோடு.

என்ன ஆபத்து?

பின்பக்கம் அமுங்கி முன்சக்கரத்தின் பிடி குறையும், ஸ்டியரிங் லேசாகிவிடும். இதற்குப் பயந்து படகைப் பின்னால் தள்ளி ஏற்றினால், கொக்கியில் எடை குறைந்து டிரெய்லர் பாம்பு போல ஆட ஆரம்பிக்கும். டிரெய்லருக்குத் தனி பிரேக் இல்லாவிட்டால், அதன் எடையையும் சேர்த்து பிக்-அப்பின் பிரேக்தான் நிறுத்தியாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

மோட்டார் வாகனச் சட்டம் 194-வது பிரிவின்படி ஓவர்லோடுக்கு ரூ.20,000 அபராதம். கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ.2,000. அதிகப்படி சரக்கை இறக்கும் செலவும் நம் தலையில்தான். டிரெய்லருக்கும் தனியாகப் பதிவு வேண்டும்.

எப்படிச் சரிபார்ப்பது?

டிரெய்லரைக் கழற்றாமல், பிக்-அப்பின் சக்கரங்கள் மட்டும் எடை மேடையில் நிற்கும்படி நிறுத்துங்கள். ஓட்டுநரும் உதவியாளரும் உள்ளேயே இருக்கட்டும். காட்டும் எடை ஆர்.சி.யில் உள்ள மொத்த எடையைத் தாண்டக் கூடாது. அடுத்து டிரெய்லரைக் கழற்றித் தனியாக எடை போட்டு, கையேட்டில் உள்ள இழுவை அளவோடு ஒப்பிடுங்கள்.

இரண்டில் ஒன்று தாண்டினாலும் மீன் பெட்டி ஒரு நடை, படகு இன்னொரு நடை. டீசல் கூடுதலாகும்தான், ஆனால் படகும் ஆளும் பத்திரமாகப் போய்ச் சேரலாம்.